மில் நெட்வொர்க்கில் ‘ஸ்லேவ்’, ‘பிளாக்லிஸ்ட்’ சொற்களை மாற்றும் முறை

கோவை, திருப்பூர் மில்களில் எனர்ஜி மீட்டரின் மெனுவைத் திறந்தால் பெரும்பாலும் ‘ஸ்லேவ் ஐடி’ என்றுதான் இருக்கும். மீட்டர்களும் கன்ட்ரோலர்களும் பேசிக்கொள்ளும் மோட்பஸ் நெறிமுறையை நிர்வகிக்கும் அமைப்பு 2020 ஜூலையிலேயே மாஸ்டர்–ஸ்லேவைக் கைவிட்டு கிளையன்ட்–சர்வர் என்று மாற்றிவிட்டது. கம்பியில் ஓடும் பைட்டுகள் மாறவில்லை. முகவரி அதே 1 முதல் 247 வரைதான். கேள்வி கேட்கும் பிஎல்சி (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) கிளையன்ட், பதில் சொல்லும் மீட்டர் சர்வர். சர்வர் என்றதும் ரேக்கில் இருக்கும் பெட்டியை நினைத்துப் பலர் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள்.

முதலில் கான்ஃபிக், ஸ்கிரிப்ட், அலாரம் விதி, வயரிங் ஷீட் எல்லாவற்றிலும் பழைய சொற்களைத் தேடுங்கள். மனிதர் படிப்பதை இன்றே மாற்றலாம். மெஷின் படிப்பதை, அந்த மென்பொருள் புதுச் சொல்லை ஏற்கிறதா என்று பார்த்த பிறகே தொடுங்கள்.

கோளாறு சத்தமில்லாமல் வரும். டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் 8.0.22-இல், ரெப்ளிகாவின் (நகல் டேட்டாபேஸின்) நிலையைக் காட்டும் ‘ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ்’ கட்டளை வந்தது, 8.4-இல் பழைய ‘ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ்’ நீக்கப்பட்டது. புதுக் கட்டளை காட்டும் நெடுவரிசைப் (column) பெயர்களும் வேறு: ‘செகண்ட்ஸ் பிஹைண்ட் மாஸ்டர்’ இப்போது ‘செகண்ட்ஸ் பிஹைண்ட் சோர்ஸ்’. கட்டளையை மட்டும் மாற்றினால் ஸ்கிரிப்டுக்கு வெற்று மதிப்பு கிடைக்கும். அதை 0 என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தால், ரெப்ளிகா எவ்வளவு பின்தங்கினாலும் திரையில் பச்சைதான் எரியும். வெற்று மதிப்பு வந்தாலே அலாரம் அடிக்கும்படி எழுதுங்கள். மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் 3.6-இலும் இதே கதை: லாகில் ‘பிளாக்லிஸ்டட்’ இருந்த இடத்தில் ‘டினைலிஸ்டட்’ வரலாம். லாகை எண்ணும் ஸ்கிரிப்ட் இரண்டையும் பிடிக்க வேண்டும்.

சொல்லை மாற்றினால் பாகுபாடு போய்விடுமா என்று கேட்கிறார்கள். போகாது. ஆனாலும் பண்ணையாள் முறையைக் கண்ட இந்த மண்ணில், தொழிலாளர் படிக்கும் போர்டில் ‘எஜமான்–அடிமை’ என்று மொழிபெயர்த்து ஒட்டுவது தவறு. காட்டோரம் கருப்பராயன் காவல் நிற்கும் ஊரில் ‘கருப்புப் பட்டியல்’ என்றால் ஆகாதவர்கள் என்று ஏன் பொருள் கொள்ள வேண்டும்? தடுப்புப் பட்டியல், அனுமதிப் பட்டியல் என்றால் வேலை என்ன என்பது சொல்லிலேயே தெரிகிறது. ‘மேன் இன் த மிடில்’ என்பதற்கு நம்மிடம் ‘இடைமறிப்புத் தாக்குதல்’ இருக்கிறது; அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை.

வயரிங் ஷீட்டில் ‘மீட்டர் (சர்வர்), முகவரி 12’ என்று எழுதி, பக்கத்திலேயே ‘மெனுவில்: ஸ்லேவ் ஐடி’ என்றும் குறியுங்கள். இல்லாவிட்டால் நைட் ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன் மெனுவில் இல்லாத சொல்லைத் தேடிக்கொண்டிருப்பார்.