மலையில் மண்டபமோ பள்ளிக்கூடமோ கட்டப்போகிறீர்களா? ஒலியியல் ஆலோசகரை முதலில் கூப்பிடுங்கள்

எங்கள் பக்கம் ஒலியியல் ஆலோசகரைக் கூப்பிடுவது பெரும்பாலும் திறப்பு விழாவுக்குப் பிறகுதான். மேடையில் பேசுவது பின்வரிசைக்குப் புரியவில்லை என்று ஊரே சொன்ன பிறகு. அந்த நேரத்தில் அவரால் செய்யக்கூடியது கொஞ்சம், செலவு நிறைய. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் கட்டட மேற்பார்வை வேலை பார்க்கிறவன் நான். கோயில் பரிபாலன சபையினருக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினருக்கும், விடுதி கட்டுகிறவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: மண் வெட்டுவதற்கு முன்பே, படம் பென்சில் கோடாக இருக்கும்போதே அவரைக் காணிக்கு அழைத்து வாருங்கள்.

ஸ்பீக்கர் பூட்டுகிறவர் வேறு, இவர் வேறு. கட்டடத்துக்குள் சத்தம் எப்படி நடந்துகொள்ளும், வெளியிலிருந்து எவ்வளவு உள்ளே வரும், உள்ளேயிருந்து அயலவருக்கு எவ்வளவு போகும் என்பதைக் கணக்குப் போட்டு, சுவர், கூரை, கதவு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதித் தருவது இவர் வேலை.

மலையில் இடத்தேர்வுதான் பாதி வேலை. சமவெளியில் வீதிச் சத்தத்துக்கு ஒரு மதில் எழுப்பலாம். இங்கே வீதி கீழே, கட்டடம் மேலே. மதிலுக்கு மேலாகச் சத்தம் நேரே ஜன்னலுக்கு வந்துவிடும். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்துப் பெக்டரி கண்ணுக்குத் தெரிகிறது என்றால் காதுக்கும் கேட்கும். காற்றில்லாத குளிர் இரவில் கீழ்க்காற்று குளிர்ந்து மேல்காற்று சூடாக நிற்பதால், மேலே போகும் ஒலி வளைந்து மறுபடி கீழே இறங்கும். பகலில் கேட்காத ஜெனரேட்டர் இரவில் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் ஆலோசகரிடம் முதலில் கேட்க வேண்டியது: "இரவிலும் அளப்பீர்களா?" தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மின்விசிறிகள் பெரும்பாலும் இரவு முழுக்க ஓடும். சத்தத்தை அளக்கும் அலகு டெசிபெல். வழக்கமாக எடுப்பது மனிதக் காதுக்கு ஏற்பக் கணக்கிடும் 'டெசிபெல் ஏ' அளவு, அந்தத் தாழ்ந்த உறுமலை அது குறைத்தே காட்டும். ஆகவே தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி என்று பிரித்து அலைவரிசை வாரியாகவும் அளக்கச் சொல்லுங்கள். நாவலப்பிட்டிக்கு மேலே ரயில் பாதை 44க்கு 1 என்ற ஏற்றத்தில், அதாவது 44 அடி போனால் 1 அடி உயரும்படி, போகிறது, ஏறும் ரயிலின் எஞ்சின் முழு பலத்தோடு உழைக்கும். வீதியிலும் அப்படித்தான், ஏற்றத்தில் லொறி முதல் கியரில் முனகும், ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடிக்கும். இதெல்லாம் எந்த நேரத்தில் அதிகம் என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் கேட்டு எழுதி ஆலோசகர் கையில் கொடுங்கள்.

இன்னொன்று, மலையை வெட்டி எழுப்பும் தாங்குசுவர். வெறும் கொங்கிரீட் முகமாக விட்டால் வீதிச் சத்தம் அதில் பட்டுத் திரும்பி, அமைதியாக இருக்கும் என்று நினைத்த பின்பக்கத்து அறைகளுக்குள் வரும். மண்சரிவுக்காகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசுக்கு எப்படியும் போகத்தான் வேண்டும். அந்தச் சுவரின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். ஒரு வரிசை மரம் நட்டால் சத்தம் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, பிரதேச சபைப் பகுதியில் காணி எல்லையில் சத்தத்தின் உச்ச வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவில் 45. நகர சபைப் பகுதியில் 63, 50. பாடசாலை, ஆஸ்பத்திரி எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் என்றால் 50, 45. பகல் என்பது காலை 6 முதல் மாலை 6 வரை மட்டும். கல்யாண மண்டபத்தின் பாட்டுக் கச்சேரி எல்லாம் இரவுக் கணக்கில்தான் வரும். ஜெனரேட்டர் அறை எந்த மூலையில் என்பதை இதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

இனி உள்ளே. 20 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம், 5 மீற்றர் உயரமான ஒரு மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டைல் தரை, பூச்சுச் சுவர், மேலே கொங்கிரீட் தட்டு. ஆளில்லாதபோது கை தட்டினால் ஓசை அடங்க 7 விநாடிக்கு மேல் ஆகும். 200 பேர் உட்கார்ந்தால் ஒன்றரை விநாடிக்கு இறங்கும். 50 பேர் மட்டும் வரும் கூட்டத்தில் ஒரு சொல்லின் மேல் அடுத்த சொல் ஏறிவிடும். ஸ்பீக்கரைக் கூட்டினால் இன்னும் மோசம். நல்ல ஒலியுறிஞ்சும் சீலிங் போட்டால் காலி மண்டபத்திலேயே 1 விநாடி அளவுக்கு வந்துவிடும், பேச்சுக்கு அது போதும். ஓசை அடங்கும் நேரத்துக்கான இந்தக் கணக்கை 1895க்குப் பிறகு ஹார்வர்டில் நாற்காலி மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு அளந்து அளந்து கண்டுபிடித்தவர் சேபைன் என்ற அமெரிக்க பௌதிகவியலாளர். இன்றும் அதே சூத்திரம்தான். வகுப்பறைக்கு உலக சுகாதார அமைப்பு சொல்வது 0.6 விநாடி, பின்னணிச் சத்தம் 35 டெசிபெல்.

நம் தோட்டப் பாடசாலைகளை நினைத்தால்தான் மனம் வலிக்கிறது. ஒரே நீளக் கட்டடம், வகுப்புக்கு வகுப்பு நடுவே தலை உயரத் தடுப்பு, மேலே தகரம். என் மனைவி அப்படி ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறார். யூன், யூலை மழையில் தகரம் அதிரத் தொடங்கினால் பாடத்தை நிறுத்திவிட்டு எழுத்து வேலை கொடுப்பதைத் தவிர வழியில்லை. பிள்ளைகள் இழப்பது அந்த நேரத்தை. புதிய கட்டடம் கிடைக்கும்போதாவது, வகுப்புச் சுவர்கள் சீலிங்கோடு நின்றுவிடாமல் கூரைத் தகடு வரை போகட்டும். சுவரில் நூற்றில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால் போதும், அது எவ்வளவு தடித்த சுவரானாலும் 20 டெசிபெலுக்கு மேல் தடுக்காது. மழைச் சத்தத்துக்குத் தகரத்தின் அடியில் ஒட்டிய கண்ணாடி இழைக் கம்பளி, அதன் கீழே இடைவெளி விட்டு ஜிப்சம் பலகை. இங்கே பனியும் ஈரமும் அதிகம், கம்பளி நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றோட்டத்தை எப்படிக் கொடுப்பது என்று ஆலோசகரிடம் படமாகவே வாங்குங்கள். முட்டை மட்டையும் ஸ்பொஞ்சும் சுவரில் ஒட்டினால் அடுத்த அறைக்குப் போகும் சத்தம் குறையாது. உள்ளே எதிரொலிதான் கொஞ்சம் குறையும்.

ஒப்பந்தத்தில் அறிக்கை மட்டும் எழுதாதீர்கள். சுவர் எழும்பி முடியும்போது ஒரு தடவை, சீலிங் மூடுவதற்கு முன் ஒரு தடவை அவர் வந்து பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். மேசன் பாஸ் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பிறகு மூடப்படும் இடத்தில் ஒரு கல் குறைந்தாலும் வெளியே தெரியாது. முடிந்த பிறகு அளந்து எழுத்தில் தரட்டும், கடைசித் தவணையை அதற்குப் பிறகு கொடுங்கள். அந்த அறிக்கையின் பிரதி ஒன்று மண்டபத்தைப் பராமரிப்பவரிடமும் இருக்கட்டும். அடுத்த திருவிழாவுக்கு வெள்ளையடிக்க வருகிறவர்கள் ஒலியுறிஞ்சும் பலகையின் துளைகளை பெயின்டால் அடைத்துவிட்டால் செய்த செலவு வீண், அதனால் அதன் முதல் பக்கத்திலேயே "சீலிங்குக்குப் பெயின்ட் பூசக்கூடாது" என்று பெரிதாக எழுதி வையுங்கள்.