மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு நாடுகளின் கல்வி நிலையை ஒப்பிடுவது எப்படி?

2011 பிப்ரவரியில் கணக்கெடுப்புப் பணிக்காக வடசென்னை வியாசர்பாடியில் வீடு வீடாகச் சென்றபோது, பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம், "ஐயா, எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "ரங்கூன்ல பத்தாவது பாஸ்" என்றார். படிவத்தில் மெட்ரிக் என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். பர்மாவில் அப்போது பத்தாம் வகுப்பு என்று வழங்கியது பல்கலைக்கழகத்துக்கு நேரே வாசல் திறந்த இறுதித் தேர்வு என்பதும், மழலை வகுப்பையும் சேர்த்தால் அது 11 ஆண்டுப் படிப்பாக இருந்தது என்பதும் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. நாடுகளின் கல்வி நிலையை ஒப்பிட முனைபவர்கள் செய்யும் பிழைகளில் பாதி இந்த வகையைச் சேர்ந்தது: பெயர் ஒன்றாக இருக்கிறது, பொருள் வேறாக இருக்கிறது.

ஆகவே எண்களை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு நாட்டின் கணக்கெடுப்புப் படிவத்தையும், கணக்கெடுப்பாளர்களுக்கான அறிவுரைக் கையேட்டையும் எடுத்துப் படிக்க வேண்டும். அங்கே கேட்கப்படுவது சேர்ந்து படித்த வகுப்பா, தேறி முடித்த வகுப்பா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. ஐ.நா.வின் பரிந்துரையும் இந்திய நடைமுறையும் முடித்த நிலையையே கேட்கின்றன. பத்தாவது படித்துக்கொண்டிருக்கும் மாணவிக்கு ஒன்பதாவது என்றே பதிய வேண்டும். ஆனால் வாசலில் நின்று கேட்கும்போது பத்தாவதில் தவறியவர்கள் "பத்தாவது வரைக்கும்" என்றுதான் சொல்வார்கள். பாஸா, ஃபெயிலா என்று மறுபடி கேட்கும் பொறுமை எல்லாக் கணக்கெடுப்பாளருக்கும் இருப்பதில்லை. எந்த நாட்டுத் தரவிலும் இந்தக் கசிவு ஓரளவு இருக்கும் என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

எழுத்தறிவு விழுக்காட்டைக் கல்வி நிலைக்குப் பதிலாகப் பயன்படுத்தக் கூடாது. இந்தியாவில் 1991 முதல் 7 வயதுக்கு மேற்பட்டோரையும், இலங்கையில் 10 வயதுக்கு மேற்பட்டோரையும் வைத்து அது கணக்கிடப்படுகிறது. வகுக்கும் மொத்தமே வேறு என்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதில் பயனில்லை.

இந்தியாவுக்கு வேண்டியது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சி-8 என்ற அட்டவணை. வயது, பால் வாரியாக, தொடக்கக் கல்விக்குக் கீழ், தொடக்கக் கல்வி, நடுநிலை, மெட்ரிக், மேல்நிலை, தொழில்நுட்பப் பட்டயம், தொழில்நுட்பமல்லாத பட்டயம், பட்டமும் அதற்கு மேலும் என்று அது பிரிகிறது. எழுத்தறிவு உண்டு, பள்ளிப் படிப்பு இல்லை என்ற பத்தியும், வகைப்படுத்தப்படாதோர் என்ற பத்தியும் அதில் உண்டு. இவற்றைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறவர்கள் பலர். முதலாவதை 'தொடக்கக் கல்வி முடிக்காதோர்' என்ற தொகுப்பில் சேர்க்கலாம். இரண்டாவதை மொத்தத்திலிருந்து நீக்கிவிட்டு, நீக்கியதை அட்டவணையின் அடிக்குறிப்பில் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது, இந்த உள்நாட்டு வகைகளைப் பொதுவான அளவுகோலுக்கு மாற்றுவது. யுனெஸ்கோவின் சர்வதேசக் கல்வித் தர வகைப்பாடு, அதாவது 'இஸ்கெட்', 2011இல் திருத்தப்பட்டு 0 முதல் 8 வரையான நிலைகளைக் கொண்டிருக்கிறது. அதற்கு முந்தைய 1997 வகைப்பாடு 0 முதல் 6 வரை மட்டுமே. பழைய வகைப்பாட்டின்படி தயாரான அட்டவணையையும் புதியதையும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்திய வகுப்புகளில் 1 முதல் 5 வரை முதல் நிலை, 6 முதல் 8 வரை இரண்டாம் நிலை, 9 முதல் 12 வரை மூன்றாம் நிலை. இதன்படி, நம் ஊரில் கொண்டாடப்படும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி எந்த நிலையின் முடிவிலும் நிற்காமல் மூன்றாம் நிலையின் நடுவில் நிற்கிறது. இலங்கையிலும் அப்படித்தான்: 6 முதல் 9 வரை கனிட்ட (கீழ்) இடைநிலை, 10 முதல் 13 வரை சிரேஷ்ட (மேல்) இடைநிலை என்பதால், 11ஆம் தரத்தில், அதாவது வகுப்பில், எழுதும் சாதாரண தரத் தேர்வு நடுவில் விழுகிறது. நம் பத்தாவதை அவர்களின் சாதாரண தரத்தோடும், பிளஸ் டூவை உயர்தரத்தோடும் இணை வைப்பது வழக்கில் இருந்தாலும், இரு இடத்திலும் ஓராண்டு வித்தியாசம் இருக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தொடக்கக் கல்வியே 6 ஆண்டுகள்.

ஒரே நாட்டுக்குள்ளும் பெயர்கள் காலத்தோடு மாறும். தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வருவதற்கு முன் எஸ்.எஸ்.எல்.சி. என்பது 11 ஆண்டுப் படிப்பு. அதை முடித்தபின் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு ஓராண்டு. பழைய வண்ணாரப்பேட்டையில் 1970இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவரும் 1990இல் முடித்தவரும் அட்டவணையில் ஒரே பத்தியில்தான் இருப்பார்கள்.

இத்தனையையும் கையால் செய்ய விருப்பமில்லாதவர்கள் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் 'ஐபம்ஸ்' சர்வதேசத் தொகுப்பைப் பயன்படுத்தலாம். பல நாட்டுக் கணக்கெடுப்புகளின் தனிநபர் மாதிரிகளை ஒழுங்குபடுத்தி, கல்வியைத் தொடக்கக் கல்வி முடிக்காதோர், முடித்தோர், இடைநிலை முடித்தோர், பல்கலைக்கழகம் முடித்தோர் என்று நான்காகச் சுருக்கித் தருகிறார்கள். தொடக்கக் கல்விக்கு 6 ஆண்டு என்ற அளவை இயன்றவரை பொருத்துவது அவர்கள் வழக்கம் என்பதால், நாட்டு அட்டவணையோடு எண்கள் ஒத்துப்போகாவிட்டால் திகைக்க வேண்டாம். அதில் உள்ள இந்திய மாதிரிகள் தேசிய மாதிரி ஆய்விலிருந்து எடுக்கப்பட்டவை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து அல்ல. என்னைக் கேட்டால், முதல் முறையாவது கையால் செய்து பார்ப்பதே நல்லது. எந்தக் கோடு உறுதியானது, எது ஆடுவது என்பது அப்போதுதான் பிடிபடும். பட்டம் பெற்றோர், தொடக்கக் கல்வி முடிக்காதோர் ஆகிய இரு முனைகளும் ஓரளவு நம்பகமானவை, நடுவில்தான் குழப்பம்.

இனி வயது. 25 வயதுக்குக் கீழ் உள்ள பலர் இன்னும் படித்துக்கொண்டிருப்பார்கள் என்பதால் 25க்கு மேற்பட்டோரையே எடுக்க வேண்டும். நம் நாட்டில் வயதை 30, 35, 40 என்று ஐந்தின் மடங்காகச் சொல்லும் வழக்கம் மிகுதி. ஆகவே தனித்தனி வயதைத் தவிர்த்து ஐந்தாண்டுப் பிரிவுகளை வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகும் ஒட்டுமொத்த விழுக்காட்டை நம்பிவிடக் கூடாது. கற்பனையாக இரண்டு நாடுகளை எடுத்துக்கொள்வோம். 'அ' நாட்டில் இளையோரில் 40 விழுக்காட்டினரும் முதியோரில் 10 விழுக்காட்டினரும் மேல்நிலை முடித்தவர்கள். 'ஆ' நாட்டில் முறையே 45, 15. இரு பிரிவிலும் 'ஆ' முன்னே நிற்கிறது. ஆனால் 'அ' நாட்டில் இளையோர் 80, முதியோர் 20 விழுக்காடு என்றும், 'ஆ' நாட்டில் சரிபாதி என்றும் இருந்தால், ஒட்டுமொத்தக் கணக்கு 'அ'வுக்கு 34, 'ஆ'வுக்கு 30 என்று தலைகீழாகிவிடும். இரண்டுக்கும் 60க்கு 40 என்ற பொதுவான வயது அமைப்பைக் கொடுத்துப் பெருக்கினால் 28, 33 என்று உண்மை வெளிப்படும். விரிதாளில் இது ஐந்து நிமிட வேலை.

கணக்கில் யார் விடுபட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1983க்குப் பிறகு 2014இல் மியான்மர் நடத்திய கணக்கெடுப்பில் ராக்கைன், கச்சின், கயின் பகுதிகளில் சுமார் 12 லட்சம் பேர் எண்ணப்படவில்லை. இலங்கையின் 2001 கணக்கெடுப்பு 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே முழுமையடைந்தது. தமிழர் பெரும்பான்மையாக வாழும் வடக்கு அதில் இல்லை என்பதால், ஒப்பீட்டுக்கு 2012ஐ எடுப்பதே முறை. சிங்கப்பூரின் 2020 கல்வி அட்டவணைகள் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே கொண்டவை. மொத்தம் 56.9 லட்சம் பேரில் இவர்கள் 40.4 லட்சம் பேர்தான். நம் பக்கத்திலிருந்து வேலை அனுமதியில் சென்றிருக்கும் தொழிலாளர் யாரும் அதில் வரமாட்டார்கள்.

ஆண்டுகள் பொருந்தாமல் போவது இப்போது பெரிய சிக்கல். இந்தியாவின் கடைசி எண்கள் 2011க்கு உரியவை. அடுத்தது 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்டது. இடைவெளியைச் சமாளிக்க, பிறந்த ஆண்டை வைத்து ஒப்பிடலாம். 2011இல் 30-34 வயதில் இருந்தவர்களும் 2020 சிங்கப்பூரில் 40-44 வயதில் இருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பள்ளி சென்றவர்கள். பெரும்பாலானோருக்கு அந்த வயதுக்கு மேல் கல்வி நிலை மாறுவதில்லை. மிக முதியவர்களிடம் இந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம்: படித்தவர்கள் சற்றுக் கூடுதல் காலம் வாழ்வதால் விழுக்காடு தானே உயர்ந்துவிடும்.

வடசென்னையை ஒரு நாட்டின் சராசரிக்கு எதிரே நிறுத்திப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2011 சென்னை மாவட்ட அட்டவணையில் ராயபுரமும் தண்டையார்பேட்டையும் இருக்கும். திருவொற்றியூரும் மணலியும் மாதவரமும் அப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தன. வார்டு வாரியான சுருக்கத் தொகுப்பில் எழுத்தறிவு மட்டுமே கிடைக்கும், கல்வி நிலை கிடைக்காது. ஆகவே இரு மாவட்டங்களின் சி-8 அட்டவணைகளையும் தனித்தனி வரிசைகளாகவே காட்டுங்கள். கூட்டி வடசென்னை என்று பெயரிட்டுவிட்டால், திருத்தணி வரை உள்ள ஊர்களும் சேர்ந்து வந்துவிடும்.