வரைய வராதா? ஃபேஷன் வேலைக்கு இஞ்ச் டேப்பை எடுங்கள்

"அண்ணா, ஃபேஷன் துறைக்கு வர ஆசை, ஆனா எனக்குப் படமே வரைய வராது" என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 15 வருடமாக இருக்கிறேன், எனக்கும் வராது. இங்கே தைக்கும் ஏற்றுமதி உடுப்பில் பெரும்பாலானவற்றுக்கு டிசைன், ஆர்டர் கொடுக்கும் பையரிடமிருந்தே டெக் பேக்காக (படமும் அளவும் குறித்த தாள்கள்) வந்துவிடும். அந்தக் காகிதத்தை 3,000 பீஸாக, ஒரே அளவில், ஒரே கலரில் மாற்றிக் கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆளாக ஆவது எப்படி என்றுதான் சொல்லப் போகிறேன்.

முதல் வேலையை இன்றைக்கே வீட்டில் செய்யலாம். உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் டீ ஷர்ட் ஒன்றை மேஜையில் இழுக்காமல், சுருக்கம் இல்லாமல் விரியுங்கள். தோள்பட்டையில் கழுத்தை ஒட்டிய உச்சிப் புள்ளியிலிருந்து கீழ் ஹெம் (மடித்துத் தைத்த ஓரம்) வரை உடல் நீளம், அக்குளுக்கு ஒரு இஞ்ச் கீழே குறுக்காக மார்பு, அப்புறம் கை நீளம், கழுத்து அகலம், ரிப் (கழுத்துப் பட்டை) உயரம். எல்லாம் செமீ கணக்கில். நாளைக்கு அதே சட்டையை மறுபடி அளந்து பாருங்கள். முதல் தடவை யாருக்கும் ஒத்துப்போகாது; ஒரு செமீ முன்னே பின்னே வரும். அந்த ஒரு செமீக்காகப் பையரிடமிருந்து மெயில் வரும் என்பது புரிந்தால் பாதித் தொழில் புரிந்த மாதிரி. அதே மாடலில் அடுத்த சைஸ் கிடைத்தால் அதையும் அளங்கள். மார்புச் சுற்றளவு (குறுக்காக அளந்ததன் இரு மடங்கு) 4, 5 செமீ ஏறியிருக்கும், கழுத்து அகலம் அரை செமீ ஏறியிருந்தாலே பெரிது. இதுதான் கிரேடிங். இதைக் கையில் வைத்திருப்பவர், துணி வெட்டுவதற்கான அளவு வடிவத்தை (பேட்டர்ன்) போடும் பேட்டர்ன் மாஸ்டர்.

என் கணிப்பில் எந்த ஃபேக்டரியிலும் எளிதில் மாற்று ஆள் கிடைக்காதவர் அவர்தான். துவைத்தால் நீளத்தில் 5 சதவீதம் சுருங்கும் துணி என்றால், 72 செமீ வர வேண்டிய நீளத்தை 0.95ஆல் வகுத்து 75.8 என்று பேட்டர்னில் வைப்பார். முன்பு அட்டையில் வெட்டினார்கள், இப்போது கம்ப்யூட்டரில்: கெர்பர், லெக்ட்ரா, டுகா என்ற மென்பொருள்கள். (2021ல் லெக்ட்ரா கெர்பரையே வாங்கிவிட்டது. ஆனாலும் இன்டர்வியூவில் "கெர்பர் தெரியுமா" என்றுதான் கேட்கிறார்கள்.) அவை விலை அதிகம், வீட்டில் பழக சீம்லி2டி என்ற இலவச மென்பொருள் போதும். நீங்கள் அளந்த சட்டையையே அதில் போட்டுப் பாருங்கள்.

சரி, கணக்குப் பிடிக்கும், பேச்சும் வரும் என்றால், ஆர்டரின் கணக்கையும் வேலையையும் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசிங். மேலே எடுத்த அளவை வைத்தே இதையும் சோதிக்கலாம். உதாரணத்துக்கு, உடல் நீளம் 72, கை நீளம் 22, தையல் மடிப்புக்கு 10, மொத்தம் 104. பாதி மார்பு 54, கூட 4, ஆக 58. இரண்டையும் பெருக்கி, முன்பக்கம் பின்பக்கம் என்று இரட்டித்தால் 12,064 சதுர செமீ, அதாவது 1.2 சதுர மீட்டர் சொச்சம். துணி 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) என்றால் ஒரு பீஸுக்கு சுமார் 193 கிராம். வேஸ்ட்டுக்கு 10 சதவீதம் போட்டால் 212. டீ ஷர்ட் விலையில் பெரும்பங்கு துணிக்குத்தான் போகிறது, அதனால் இந்தக் கணக்கில் 10 கிராம் தப்பினால் 3,000 பீஸில் 30 கிலோ கையை விட்டுப் போகும். கணக்கைத் தவிர, நூல், நிட்டிங், சாயம், பிரிண்ட், பட்டன் என்று பத்து இடத்தைத் துரத்தும் வேலை இது. ராத்திரி 11 மணிக்கு மெயில் வரும். தூக்கம் முக்கியம் என்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

யாரும் கேட்காத ஒரு வேலை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது: சாயப்பட்டறை லேப். பையர் கேட்ட கலரைச் சின்னத் துண்டுத் துணியில் ஏ, பி, சி என்று சாயமேற்றி அனுப்புவார்கள், அதுதான் லேப் டிப். கேட்க எளிது. ஆரம்ப காலத்தில் ஒரு நேவி ப்ளூ ஆர்டரில் பாடியும் கழுத்து ரிப்பும் வெயிலில் அச்சு அசலாக ஒன்றாக இருக்கிறது என்று நானே ஓகே சொன்னேன்; பையர் ஆபீஸில் டிஎல்84 வெளிச்சத்தில் ரிப் மட்டும் சிவப்படித்தது. சாயக் கலவை வேறு வேறு என்றால், ஒரு விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு துணி இன்னொரு விளக்கில் பிரிந்து நிற்கும். அதனால்தான் லேபில் லைட் பாக்ஸ் வைத்து, பகல் வெளிச்சமான டி65, கடை விளக்கான டிஎல்84 என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். கெமிஸ்ட்ரி படித்து வேலை தேடுபவர்கள் இந்தப் பக்கம் ஒரு எட்டு வந்து பாருங்கள். வருவதற்கு முன் கண் டாக்டரிடம் நிறக்குருடு சோதனை செய்துகொள்ளுங்கள். அது இருந்தும் தெரியாமலே வளர்ந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

க்யூசி, அதாவது தரம் பார்க்கும் வேலை, உள்ளே நுழைய எளிய வாசல். 3,000 பீஸ் லாட்டில் 125ஐ எடுத்துப் பார்ப்பார்கள், ஏக்யூஎல் (ஏற்கத்தக்க குறையின் வரம்பு) 2.5 என்றால் பெரிய குறை உள்ளவை 7 பீஸ் வரை பாஸ், 8 ஆனால் ஃபெயில். ஒரு வருடம் இதில் நின்றால் எந்தத் தையல் எங்கே விடும் என்று கண் பழகிவிடும். அதற்கு மேல் அங்கேயே தேங்கிவிடாதீர்கள்.

படிப்பு? பிளஸ் டூவில் கணக்கு எடுத்தவர்கள் சென்னை நிஃப்ட் (மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரி) நடத்தும் அப்பாரல் புரொடக்ஷன், அதாவது உடுப்புத் தயாரிப்புப் படிப்பைப் பாருங்கள், அதன் நுழைவுத் தேர்வில் வரைதல் இல்லை. திருப்பூரிலேயே நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கிறது. குறுகிய காலப் பயிற்சி என்றால் ஏடிடிசி மையங்கள். வேறு எங்கே சேர்வதானாலும், பணம் கட்டும் முன் மெஷின் ரூமைக் காட்டச் சொல்லுங்கள், பேட்டர்ன் பிரின்ட் எடுக்கும் பிளாட்டர் ஓடுகிறதா என்று கேளுங்கள். என் உறவுக்காரப் பெண் ஒரு இடத்தில் இரண்டு வருடம் படித்தாள். ரேம்ப் வாக் மூன்று தடவை நடந்தது, துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினை அவள் தொட்டதே வேலைக்கு வந்த பிறகுதான்.

இன்டர்வியூவுக்கு ஃபைல் நிறைய சர்டிபிகேட் வேண்டாம். நீங்கள் அளந்த டீ ஷர்ட், அதன் ஸ்பெக் ஷீட் (அளவுப் பட்டியல்), துணிக் கணக்கு எழுதிய ஒரு தாள், மூன்று தடவை துவைத்த பிறகு எடுத்த அளவு. சைடு தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்திருந்தால் அதையும் குறித்து எடுத்துப் போங்கள். டீ ஷர்ட்டுக்கான பின்னல் துணியான சிங்கிள் ஜெர்சியில் அது சகஜம், ஏன் என்று இன்டர்வியூ எடுப்பவரே கேட்பார்.