அறிவிப்புக்கு லட்டு வாங்காதீர்கள்: குழந்தைகள் நலனுக்காக அரசிடம் பேசப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மானியக் கோரிக்கை சமயம், அதாவது ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கப் பேரவையில் விவாதம் நடக்கும் காலம், சென்னை பாரிமுனையில் ஒரு டீக்கடை. தென்மாவட்டத்திலிருந்து வந்திருந்த நாலைந்து பிள்ளைகள், குழந்தைகள் நல அமைப்பு ஒன்றில் புதிதாகச் சேர்ந்தவர்கள், என்னைப் பார்த்ததும் ஓடிவந்து இனிப்பு டப்பாவை நீட்டினார்கள். இரண்டு வருடமாக அவர்கள் கேட்டுவந்த விஷயத்தை அன்று காலை பேரவையில் அறிவித்துவிட்டார்களாம்.

"எடுத்துக்கோங்க அக்கா, ஜெயிச்சாச்சு" என்றாள் ஒருத்தி.

"அரசாணை எப்போ வரும்னு கேட்டீங்களா?" என்றேன்.

"அதான் சபையிலயே சொல்லிட்டாங்களே அக்கா!"

இதே பதிலை இதே சந்தோஷத்தோடு நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். மனுவில் தேதி போடாமல் விடுவது, வேறு துறை அமைச்சர் பெயரைப் போட்டுவிடுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. ஒருமுறை அசடு வழிந்தால் அவையெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

அறிவிப்பை ஆணை என்று நினைப்பது

பன்னிரண்டு வருடத்துக்கு மேல் இருக்கும். அங்கன்வாடி மையங்களில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் உட்காரும் அளவில் சின்னக் கழிப்பறைகள் வேண்டும் என்று சில அமைப்புகள் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். நான்கு ஒன்றியங்களில் மையம் மையமாக நடந்துபோய் எடுத்த கணக்கு எங்களிடம் இருந்தது. எது சொந்தக் கட்டடம், எது வாடகை, எங்கே குழாய் இருக்கிறது, எங்கே ஆயாம்மா குடத்தில் தண்ணீர் தூக்கி வருகிறார், எல்லாம் அதில் உண்டு.

அறிவிப்பு வந்தது. மறுநாள் நாளிதழில் மூன்று வரி. நன்றி சொல்லிப் போஸ்டர் அடித்தோம். எங்களுக்கு நிதி கொடுத்தவர்களுக்கு "கோரிக்கை நிறைவேறியது" என்று அறிக்கை போனது. எழுதியவள் நான்தான். அப்புறம் அடுத்த கோரிக்கைக்குத் தாவிவிட்டோம்.

பதினான்கு மாதம் கழித்து ஒரு மையத்துப் பணியாளர் கேட்டார்: "ஏம்மா, அந்தக் கக்கூஸ் எந்த ஊர்லம்மா கட்டுறாங்க?"

சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனேன். பிரிவு உதவியாளர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் அடுக்கியிருந்த கட்டிலிருந்து ஒரு கோப்பை உருவி, நாடாவை அவிழ்த்து, குறிப்புப் பக்கத்தை வாசித்துக் காட்டினார். நிதித்துறை மூன்று கேள்வி கேட்டுத் திருப்பியிருந்தது. எத்தனை மையங்களில் தண்ணீர் இணைப்பு இருக்கிறது? வாடகைக் கட்டடத்தில் கட்டினால் அது யாருக்குச் சொந்தம்? சுத்தம் செய்யும் தொடர் செலவினத்தை எதிலிருந்து கொடுப்பது? மாவட்டங்களுக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள். பாதி மாவட்டங்கள் பதில் அனுப்பவில்லை. கோப்பு எட்டு மாதமாகத் தரையில்.

அந்த நான்கு ஒன்றியங்களுக்காவது முதல் கேள்விக்கு முழுப் பதிலும் இரண்டாவதற்குப் பாதிப் பதிலும் எங்கள் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தன. யாரும் எங்களிடம் கேட்கவில்லை. நாங்களும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. போஸ்டர் அடித்த காசில் அந்தக் கணக்கை ஐம்பது பிரதி எடுத்திருக்கலாம்.

ஒருவழியாக வேலை தொடங்கியபோது, அறிவிப்பு வந்த அன்று மூன்று வயதாக இருந்த பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். நாங்கள் கேட்டதில் கால்வாசி கூடக் கட்டவில்லை. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல்தான், முக்கால்வாசி என் மேலேயே.

நடைமுறை இதுதான். அறிவிப்பு வந்ததும் துறைத் தலைமை அலுவலகம் ஒரு கருத்துரு, அதாவது திட்ட முன்மொழிவு, தயாரிக்கும். அது தலைமைச் செயலகத்தில் அந்தத் துறையின் செயலாளருக்குப் போகும். அங்கிருந்து நிதித்துறைக்கு. நிதித்துறை இசைந்தால்தான் அரசாணை. ஆணை வந்த பிறகு வழிகாட்டு நெறிமுறை, மாவட்டத்துக்கு ஒதுக்கீடு, ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்). விவாதம் இல்லாமல் அறிக்கை படிக்க இடம் தரும் பேரவை விதி 110-இன் கீழ் முதலமைச்சரே படித்த அறிவிப்பானாலும் இந்த வழியாகத்தான் வர வேண்டும்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மே 7-இல் பேரவையில் அறிவித்தார்கள். ஜூலைக் கடைசியில் அரசாணை வந்தது. செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கியது. நாலே மாதம்; இவ்வளவு வேகம் அபூர்வம். முதலமைச்சர் அலுவலகமே பின்னால் நின்றால்தான் இது நடக்கும். உங்கள் கோரிக்கைக்குப் பின்னால் நிற்கப்போவது நீங்கள் மட்டும்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். முதலில் 1,545 அரசுத் தொடக்கப்பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25-இல் திருக்குவளையில் தொடங்கி எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவானது. ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில், நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டில். 'அரசு' என்பதற்கும் 'அரசு உதவிபெறும்' என்பதற்கும் நடுவில் ஒரு டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு மூன்று வருடக் காலை உணவு போயிருக்கிறது. இரண்டு பள்ளியும் ஒரே தெருவில்கூட இருந்திருக்கும். அந்த ஒரு சொல் கருத்துரு எழுதும்போதே முடிவாகிவிடும். நாமோ அந்த நேரத்தில் நன்றிக் கூட்டம் நடத்திக்கொண்டிருப்போம்.

அரசாணை கையில் கிடைத்தால் கடைசிப் பத்திகளிலிருந்து படியுங்கள். கணக்குத் தலைப்பு, அதாவது எந்தக் கணக்கிலிருந்து பணம் என்பது, இருக்கிறதா? நிதித்துறை இசைவு தந்த அ.சா. (அலுவல் சார்பற்ற குறிப்பு) எண்ணும் நாளும் இருக்கின்றனவா? 'நிர்வாக அனுமதி' மட்டும்தானா, 'நிதி ஒப்பளிப்பு' உண்டா? அனுமதி மட்டும் என்றால் பணம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். லட்டு வேண்டாம், மிக்சர் போதும்.

ஆணையே வராமல் வருடம் ஓடிவிட்டதா? பேரவையின் அரசு உறுதிமொழிக் குழுவுக்கு எழுதுங்கள். அவையில் அமைச்சர்கள் கொடுத்த வாக்குறுதிகள் என்னவாயின என்று பார்ப்பதுதான் அதன் வேலை. குழு மாவட்டங்களுக்கும் ஆய்வுக்கு வரும். இந்தத் துறையில் பத்து வருடம் இருந்தவர்களுக்கே அப்படி ஒரு குழு இருப்பது தெரியவில்லை.

மார்ச்சில் மனு கொடுப்பது

2025-26 பட்ஜெட்டை மார்ச் 14-இல் படித்தார்கள். மார்ச் முதல் வாரத்தில் ஒரு குழு மனுவோடு கிளம்பி வந்தது. அச்சாகிற புத்தகத்தில் எங்கே போய் ஒட்டுவது? துறைகள் அடுத்த ஆண்டுக்கான மதிப்பீட்டை முந்தைய ஆண்டு மழைக்காலத்திலேயே தயாரிக்கத் தொடங்கிவிடும். ஆயுத பூஜைக்கு முன் இயக்குநரகத்தில் உங்கள் தாள் இருக்க வேண்டும். தேர்தல் வருடம் என்றால் கணக்கு வேறு: 2021-இல் பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட், ஆட்சி மாறியபின் ஆகஸ்ட் 13-இல் திருத்திய பட்ஜெட். அந்த மாதிரி வருடத்தில் தேர்தல் அறிக்கை எழுதுகிறவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

யார் கையில் இருக்கிறது என்று பார்க்காமல் கேட்பது

அங்கன்வாடிக் குழந்தைக்கான துணை உணவுக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய் என்பது 2017-இல் ஒன்றிய அரசு வைத்த கணக்கு. அதை உயர்த்தச் சொல்லி ஆட்சியரிடம் மனு கொடுத்தால், அவர் வாங்கி, மேலே அனுப்பிவைத்து, உங்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பார். அவ்வளவுதான் அவரால் முடியும். மாநிலத்திடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "உங்கள் சொந்த நிதியிலிருந்து மேற்கொண்டு என்ன சேர்ப்பீர்கள்?" தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை இப்படி வந்ததுதான். எம்.ஜி.ஆர். 1982-இல் தொடங்கிய திட்டத்தில், 1989-இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டையாக நுழைந்தது. பள்ளி நடக்கும் நாளெல்லாம் முட்டை என்று ஆக இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஒவ்வொரு முட்டைக்கும் மாநிலத்துக்குள்ளேயே யாரோ விடாமல் பேசியிருக்கிறார்கள்.

ஏற்கெனவே இருப்பதைப் புதிதாகக் கேட்பவர்களும் உண்டு. மலைக்கிராமம் ஒன்றுக்கு அங்கன்வாடி வேண்டும் என்று 'கொள்கை மாற்றம்' கேட்டு ஒரு குழு கையெழுத்து இயக்கம் நடத்தியது. ஆறு வயதுக்கு உட்பட்ட நாற்பது குழந்தைகளாவது இருக்கிற, மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13-லேயே உத்தரவிட்டிருக்கிறது. அந்த ஊரில் ஐம்பதுக்கு மேல் குழந்தைகள். கையெழுத்து வாங்கிய நேரத்தில் பெயர், பிறந்த தேதியோடு ஒரு பட்டியல் எழுதி, கிராம சபையில் தீர்மானம் போட்டு, அந்த உத்தரவை மேற்கோள் காட்டி அனுப்பியிருந்தால் வேலை பாதி முடிந்திருக்கும்.

இருபத்தேழு கோரிக்கைகள்

மூன்று போதும். நான்காவதை யாரும் படிப்பதில்லை.

குழந்தையை மேடையேற்றுவது

குழந்தைத் திருமணத்திலிருந்து மீட்கப்பட்ட ஒரு பெண்பிள்ளையை ஒரு கருத்தரங்கில் பேசவைத்தார்கள். துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள். ஊர்ப் பெயரையும் படித்த பள்ளியையும் தொகுப்பாளரே மைக்கில் சொல்லிவிட்டார். மூடியதால் என்ன பயன்? பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தில் இதற்கு 23-ஆவது பிரிவு. அன்று அரங்கில் நாலு கேமரா இருந்தது. அமைச்சர் கண் கலங்கினார், உண்மைதான். அந்தப் பிள்ளை மறுநாள் ஊருக்குத்தானே திரும்பிப் போக வேண்டும்?

குழந்தைகள் பேசவே கூடாது என்று சொல்லவில்லை. தங்கள் பள்ளிக் கழிப்பறை பற்றி, பேருந்து நேரம் பற்றி அவர்கள் பேசும்போது அதிகாரிகள் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன். சொந்தக் காயத்தை விரித்துக் காட்டவைக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

ஒரே கட்சிக்காரரிடம் மட்டும் போவது

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் வரும்.

செயலாளரை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்வது

ஆறு மாதம் பழகி, எல்லாம் புரியவைத்து, "கண்டிப்பா பண்ணிடலாம்" என்று அவர் சொன்ன மறுவாரம் மாறுதல் வரும். கோப்பு மாறுதலாகிப் போகாது. அது இருக்கும் பிரிவு, அதைப் பார்க்கும் உதவியாளர், அவருக்கு மேலே உள்ள பிரிவு அலுவலர், இந்த மூன்றும் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். டீக்கடையில் லட்டு கொடுத்த பெண்ணை இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டு, கோப்பு எந்தப் பிரிவில் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நாளைக்குப் போய்க் கேட்டுட்டு வர்றேன் அக்கா" என்றாள். "கூடவே அந்தச் சர்வே பேப்பரையும் எடுத்துட்டுப் போகட்டுமா?"