புலாவ் உபினில் தனியாக ஒரு ராத்திரி: கூடாரம் பறக்காமல் இருக்க

தனியாகக் காட்டுப் பக்கம் போக ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் நேபாளத்துக்கு டிக்கெட் பார்க்க வேண்டியதில்லை. முதல் ராத்திரிக்கு நம் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவே போதும். சரிப்படவில்லை என்றால் காலையில் படகு ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். கூடாரத்தை எப்படி விரிப்பது என்று அதன் பையிலேயே படம் போட்டிருக்கும், அதை இங்கே எழுதவில்லை.

1. படகு

தானா மேரா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் 2ஆம் எண் பேருந்தைப் பிடித்துச் சாங்கி வில்லேஜில் இறங்குங்கள். சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் முன்பதிவு கிடையாது. 12 பேர் சேர்ந்தால் பம்போட் என்கிற சின்ன மோட்டார் படகு கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரொக்கமாக. வார இறுதியில் தனி ஆளுக்கு யோகம்தான், பதினொரு பேர் ஒரு ஆளுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள். வார நாளில் நீங்கள் காத்திருக்க வேண்டும், அல்லது 12 பேர் காசையும் நீங்களே கொடுக்க வேண்டும். மதியம் மூன்று மணிக்குள் தீவில் இருங்கள். இருட்டிய பிறகு படகை நம்ப வேண்டாம்.

2. இடம்

கூடாரம் போடும் இடங்களான ஜெலுத்தோங், மாமாம் இரண்டில் புதியவர்களுக்கு ஜெலுத்தோங். படகுத்துறையும் கிராமமும் பக்கம். மாமாம் வடகரையில் ஜொகூரைப் பார்த்தபடி இருக்கிறது, அமைதி அதிகம், ஆனால் சுமையோடு நல்ல நடை. படகுத்துறை அருகிலேயே போலீஸ் நிலையம் உண்டு, ராத்திரி தங்குவதை அங்கே சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லுங்கள். (அம்மாவிடம் வேண்டாம், பேய்க்கதை ஆரம்பித்துவிடுவார். அக்காவிடம் சொல்லுங்கள்.)

3. கூடாரம்

எல்லோரும் காட்டுப்பன்றிக்குத்தான் பயப்படுகிறார்கள். தூக்கத்தைக் கெடுப்பது விடியற்காலை மழை. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை 'சுமத்ரா ஸ்குவால்' என்கிற இடிமழை மேற்கே திரண்டு, வரிசை கட்டி நம் பக்கம் நகர்ந்து வரும். பெரும்பாலும் விடிவதற்கு முன்பிலிருந்து நண்பகலுக்குள் வந்து போய்விடும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம்கூட எடுக்கும். படுக்கப் போகும்முன் வானிலை நிலையத்தின் மழை ரேடாரைப் பாருங்கள். மலாக்கா நீரிணைப் பக்கம் சிவப்பும் மஞ்சளுமாக நீளமான கோடு தெரிந்தால் ராத்திரி எழ வேண்டியிருக்கும்.

அதனால் கூடாரத்தின் குறுகலான பக்கம் மேற்கே, வாசல் கிழக்கே. கைபேசியில் திசைகாட்டி இருக்கிறது, உத்தேசமாகப் போடாதீர்கள்.

அப்புறம் முளை. கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் மணலில் நிற்கவே நிற்காது. சூப்பர்மார்க்கெட் பிளாஸ்டிக் பைகளை எடுத்துப் போங்கள். பையில் மணலை இறுக்கி நிரப்பி, கழுத்தில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் படுக்கப் போட்டு மூடி, மேலே ஏறி மிதியுங்கள். பிறகு கயிற்றைப் பிடித்து ஓர் இழு இழுத்துப் பாருங்கள். மணல் அசைந்தால் இன்னும் தோண்ட வேண்டும். நாலு மூலைக்கும் ஒவ்வொன்று, மேற்குப் பக்கம் கூடுதலாக இரண்டு. கிளம்பும்போது எல்லாப் பைகளையும் தோண்டி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இரண்டடுக்குக் கூடாரமானால் வெளித்துணி உள்கூடாரத்தில் எங்கும் ஒட்டக் கூடாது. ஒட்டிய இடத்தில்தான் தண்ணீர் இறங்கும். மணலில் கடற்பாசி ஒதுங்கிக் கிடக்கும் கோட்டுக்கு நன்றாக மேலே போடுங்கள். தென்னைக்கும் பட்ட கிளைகளுக்கும் அடியில் வேண்டாம்.

எந்தக் கூடாரம்? என் கட்சி, உள்ளே வலைத்துணி வைத்த இரண்டடுக்குக் கூடாரம். ஓரடுக்கில் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு நடுராத்திரியில் கூரையே வியர்த்துச் சொட்டும். டெக்காத்லான் கடையின், தூக்கிப் போட்டால் தானே விரியும் ரகம் போடுவதற்குச் சுகம். மடித்தால் பெரிய வட்டத் தட்டாகிவிடும், பம்போட்டில் அதை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள்தான் உட்கார வேண்டும்.

இடி நெருங்கினால் கூடாரம் பாதுகாப்பே இல்லை. எழுந்து கட்டடத்துக்குப் போய்விடுங்கள். ஜெலுத்தோங்கைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. சாப்பாடு, பூச்சி

நெருப்பு மூட்ட வேண்டாம். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் புளிச்சோறு வாங்கி இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் கொண்டு போங்கள். வாசனை பன்றிகளை வரவழைக்கும், பாவமென்று எதையும் போடாதீர்கள். விலங்குகளுக்குத் தீனி போட்டால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம். தண்ணீர் நாலு லிட்டராவது சுமந்து போங்கள், தீவின் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். சாயங்காலம் மணல் ஈக்கு முழுக்கால் சட்டைதான் மருந்து.

5. திரும்பியதும்

ஈரக் கூடாரத்தைப் பையோடு அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காயவைக்க, வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் துணி காயப்போடும் மூங்கில் கழி போதும். வெளித்துணியைத் தனியாக விரித்து நன்றாகக் கிளிப் போடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு மாமாம் போன ஒருவருக்குக் கைபேசி மலேசிய நெட்வொர்க்கைப் பிடித்து ரோமிங் கட்டணம் வந்துவிட்டதாம். வடகரையில் இது சகஜம். படகு ஏறும்முன் டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க் தேர்வை தானியங்கியிலிருந்து மாற்றி உங்கள் நிறுவனத்தையே வையுங்கள். சிக்னல் சுத்தமாக இல்லையென்றால் மட்டும் பழையபடி மாற்றுங்கள். இன்னொருவர் விடிந்ததும் தீவின் கிழக்கு முனையிலுள்ள சேக் ஜாவா சதுப்பு நிலத்துக்குப் போய்க் கதவு மூடியிருக்கக் கண்டு திரும்பியிருக்கிறார். காலை 8.30க்குத்தான் திறக்கும், ஓதம் வற்றும் நேரத்தையும் பார்த்துக்கொண்டு போங்கள்.