அந்தமான் சாலைப் பயணம்: கிலோமீட்டர் கணக்கு அங்கே எடுபடாது

அந்தமானில் காரில் சுற்றக் கிளம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "தூரத்தை வைத்தா திட்டம் போட்டிருக்கிறீர்கள்?" என்றுதான். பெரும்பாலும் பதில் "ஆமாம்". தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, அதாவது 2024 வரை போர்ட் பிளேர் என்று அழைத்த ஊரிலிருந்து, வடகோடியில் இருக்கும் திக்லிபூர் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகிற தூரம்தானே, ஐந்தாறு மணி நேரத்தில் போய்விடலாம் என்று மனசு கணக்குப் போட்டுவிடும். அங்கே 10 முதல் 12 மணி நேரம் ஆகும்.

காரணம் வழியிலேயே இருக்கிறது. ஜிர்காதாங் செக்போஸ்டைத் தாண்டியதும் ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு. அதற்குள் தனி வண்டியாக நுழைய முடியாது. குறிப்பிட்ட சில நேரங்களில் மட்டும் எல்லா வண்டிகளையும் சேர்த்து, காவலோடு கான்வாயாக அனுப்புவார்கள். முதல் கான்வாய் விடியற்காலையில். என் முதல் பயணத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அது கிளம்பி கால் மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்ததில் காலைப்பொழுது முழுக்கப் போயிற்று. காட்டுக்கு அப்பால் இருக்கும் பாராதாங் தீவில் சுண்ணாம்புக் குகையை அன்றைக்குப் பார்க்கவே முடியவில்லை. அடுத்த முறை மூன்று மணிக்கே எழுந்தோம். இருட்டில் வரிசையாக நிற்கும் வண்டிகள், டீக்கடை அடுப்பு வெளிச்சம், போனட் மேல் காகிதத்தை வைத்துப் படிவம் நிரப்பும் டிரைவர்கள். எல்லோருடைய அடையாள அட்டையும் நகலும் கையில் தயாராக இருந்தால் அந்த இடத்தில் பதற்றமே இல்லை.

அடுத்த தவறை நான் வெறும் திட்டப்பிழையாகப் பார்க்க மாட்டேன். "வழியில் ஜாரவாக்களைப் பார்க்கலாம்" என்று ஆசை காட்டி யாராவது பேக்கேஜ் விற்றால் அந்த ஆளிடம் வண்டி எடுக்காதீர்கள். அந்தக் காடு அவர்கள் வீடு. 1970களில் அவர்களைக் கேட்காமல் அதை ஊடறுத்துத்தான் இந்தச் சாலையைப் போட்டார்கள். அந்தப் பகுதியில் சாலையை மூடச் சொல்லி 2002இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. இன்றும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஜாரவாக்களின் மக்கள்தொகை சில நூறுதான். நமக்குச் சாதாரணமான நோய்கூட அவர்களுக்கு ஆபத்து. 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. காட்டுக்குள் வண்டியை நிறுத்துவது, படம் எடுப்பது, பிஸ்கட்டோ பழமோ நீட்டுவது எல்லாமே குற்றம், சிறை வரை போகும். கேமராவையும் போனையும் பைக்குள் போட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கும் முன்னாலேயே சொல்லிவையுங்கள். யாராவது சாலையோரம் தென்பட்டால் டிரைவரை "மெதுவாப் போங்க" என்று சொல்லாமல் இருப்பதுதான் நாம் காட்டக்கூடிய மரியாதை.

காடு முடிகிற இடத்தில் மிடில் ஸ்ட்ரெய்ட் என்ற குறுகிய கடல்கால். அங்கே வண்டியை ஜங்கார் என்ற தட்டைப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். பஸ், லாரி, கார் எல்லாம் ஒரே தட்டில் ஏறும். நாம் இறங்கி ஓரமாக நிற்போம். இருபக்கமும் அலையாத்திக் காடு. கடப்பது சில நிமிடம்தான், வரிசைதான் நேரத்தைத் தின்னும்.

இன்னொரு ஏமாற்றத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வடக்கே போகும் இந்தச் சாலையின் பெயர் அந்தமான் டிரங்க் ரோடு. அந்தப் பெயரைக் கேட்டதும் ஜன்னலோரம் முழுக்கக் கடல் வரும் என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பகுதி அடர்ந்த காட்டுக்குள்தான் போகிறது. கடலை ஒட்டிய பயணம்தான் வேண்டும் என்றால் தலைநகரிலிருந்து தெற்கே சிடியா தாப்பு, மேற்கே வண்டூர் ஆகிய இரண்டு சாலைகளுக்குத் தலா ஒரு நாள் கொடுங்கள். வடக்கே போனால் ரங்கத் பக்கம் கடல் மறுபடி அருகில் வரும். அங்கே ஒரு இரவு தங்கி, ஆம்குஞ்ச் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். ஒரே மூச்சில் திக்லிபூர் போகிறவர்கள் இதையெல்லாம் தூங்கிக்கொண்டே தாண்டிவிடுகிறார்கள்.

அப்புறம், இருட்டு. கடிகாரம் காட்டுவது இந்திய நேரம்தான், ஆனால் தீவுகள் கொல்கத்தாவுக்கும் கிழக்கே இருக்கின்றன. டிசம்பரில் மாலை 5 மணிக்கே சூரியன் விழுந்துவிடும். மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்கு முடித்து, ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு சிடியா தாப்பில் அஸ்தமனம் பார்க்கக் கிளம்பினால் வழியிலேயே இருட்டிவிடும். நாலு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். விளக்கில்லாத வளைவுச் சாலையில் இரவு ஓட்டுகிற மாதிரி எந்த நாளையும் அமைக்காதீர்கள்.

திக்லிபூரில் எல்லோரும் தேடிப் போவது ராஸ், ஸ்மித் என்ற இரட்டைத் தீவு. இரண்டுக்கும் நடுவே வெள்ளை மணல்திட்டு. அதில் நடந்து ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். ஆனால் கடல் ஏறியிருக்கும்போது மணல் தண்ணீருக்குள் இருக்கும். ஏரியல் பே என்ற படகுத்துறையில் படகேறும் நாளுக்கு முந்தின நாளே ஏற்ற இறக்க நேரத்தைக் கேட்டுவையுங்கள். ஒவ்வொரு நாளும் அது ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். வீட்டுத் தினக்காலண்டரே பாதித் திட்டத்தைச் சொல்லிவிடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போகிறவர்கள் பக்கத்தில் காளிபூர் கடற்கரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேராமை, அழுங்காமை, தோணியாமை, பங்குனி ஆமை நான்கும் முட்டையிட வரும் கரை அது. டார்ச், ஃபிளாஷ் வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.

எங்கே தண்ணீரைப் பார்த்தாலும் இறங்கிவிடும் பழக்கத்தை அங்கே விட்டுவிட வேண்டும். கழிமுகங்களிலும் அலையாத்தி ஓடைகளிலும் உவர்நீர் முதலைகள் இருக்கின்றன. எச்சரிக்கைப் பலகை இல்லாத இடத்திலும் பக்கத்தில் இருக்கிற ஊர்க்காரரைக் கேட்டுவிட்டே இறங்குங்கள். தமிழிலேயே கேட்கலாம், தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு.

சில்லறை விஷயங்கள்: டேங்கைத் தலைநகரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், ரொக்கம் வைத்திருங்கள், காட்டுக்குள் சிக்னலை எதிர்பார்க்காதீர்கள். ஹேவ்லாக், அதாவது இப்போதைய ஸ்வராஜ் தீவுக்குச் சாலை கிடையாது. வாடகைக் காரைத் தலைநகரில் விட்டுவிட்டுப் படகில் போய், அங்கே ஸ்கூட்டர் எடுத்துக்கொள்வதே வசதி.

கடைசியாக, திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு திக்லிபூரிலோ ஹேவ்லாக்கிலோ தங்காதீர்கள். காற்று கொஞ்சம் மாறினால் படகை நிறுத்திவிடுவார்கள், ஒரு மரம் விழுந்தால் சாலை அடைபடும். முழுசாக ஒரு நாளைத் தலைநகருக்கென்று ஒதுக்கிவையுங்கள். எல்லாம் சரியாக நடந்து அந்த நாள் மிச்சமானால் செல்லுலார் சிறையை அவசரமில்லாமல் பார்க்கலாம்.