கேமிங் பிசி: இப்பவே மாத்தலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?

"ரெண்டு மாசம் பொறு, விலை இறங்கும்" என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். ரேம் விஷயத்தில் அது இப்போது எடுபடவில்லை. 2025 கடைசியிலிருந்து மெமரி சிப் எல்லாம் ஏஐ சர்வர் பக்கம் போகிறது, அந்த டிசம்பரில் மெமரி சிப் தயாரிக்கும் மைக்ரான், நம்மைப் போன்றவர்களுக்கு விற்கும் தன்னுடைய குருசியல் பிராண்டு ரேம் வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. அதனால் உங்கள் பிசியில் எந்தப் பாகம் திணறுகிறது, அதை மாற்றினால் ரேமையும் மாற்ற வேண்டி வருமா, இந்த ரெண்டுக்கும் பதில் தெரிந்தால் முடிவு தானாக வந்துவிடும்.

முதலில் காசு செலவில்லாத வேலை. மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் செருகியிருக்கிறதா, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸில் 60-லேயே கிடக்கிறதா, பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் போனால் வேகம் தெரியும். 3200 என்று வாங்கிய ரேம் 2133-ல் ஓடினால் பயாஸில் (பிசி ஆன் ஆகும்போது திறக்கும் போர்டு செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதற்குச் சொன்ன வேகத்தில் ஓடவைக்கும் வசதியை ஆன் செய்யுங்கள்.

அப்புறம் சூடு. நம்ம வேலூர் கத்திரி வெயிலில் மத்தியானம் ரெண்டு மணிக்கு விளையாடிப் பார்த்து அளக்கணும், ராத்திரி ஏசியில் அளந்து பிரயோஜனமில்லை. சத்துவாச்சாரியில் ஹைவே சர்வீஸ் ரோடு ஓரமாக இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக் கேபினட்டைத் திறந்தேன், முன்பக்க ஃபில்டரில் தூசி கம்பளி மாதிரி படிந்து உரித்தெடுக்கும்படி இருந்தது. புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

இனிமேல்தான் முக்கியமான படி, நிறைய பேர் கவிழ்வதும் இங்கேதான். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போடுங்கள் (இதற்கு வேறு எந்த டூலும் எனக்குப் பிடிக்காது), கூடவே வரும் ரிவாடியூனரில், கார்டும் பிராசஸரும் எத்தனை சதவீதம் வேலை செய்கின்றன என்ற எண்கள் திரை மூலையில் ஓடும். சோதிக்கும் முன் வி-சிங்க் (மானிட்டர் வேகத்தோடு கேமைக் கட்டிப்போடும் செட்டிங்), கேமுக்குள் இருக்கும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) வரம்பு, டிரைவர் மென்பொருளில் இருக்கும் வரம்பு, மூன்றையும் அணைத்துவிடுங்கள். ஒன்று ஆனில் இருந்தாலும் கார்டு பாதி வேலையோடு நின்றுவிடும், நீங்கள் பிராசஸர்தான் குற்றவாளி என்று நினைத்து மதர்போர்டு வரைக்கும் மாற்றக் கிளம்பிவிடுவீர்கள். மெனு திரையில் நின்றுகொண்டு பார்க்காமல், கூட்டமான சண்டைக் காட்சியில் பாருங்கள். கார்டு 95 சதவீதத்துக்கு மேல் ஓடினால் கார்டுதான் பத்தவில்லை. 60, 70-லேயே நிற்கிறது, எஃப்பிஎஸ்ஸும் ஏறவில்லை என்றால் பிராசஸரைச் சந்தேகப்படலாம். பிராசஸர் மொத்தம் 40 சதவீதம்தான் காட்டுகிறதே என்று ஏமாறாதீர்கள், ஒரே ஒரு கோர் முட்டி நின்றாலும் கேம் திணறும். உறுதிப்படுத்த ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள், எஃப்பிஎஸ் அசையவே இல்லை என்றால் பிராசஸர்தான்.

சரி, வாங்கலாமா?

கார்டு பத்தவில்லையா, இப்பவே வாங்குங்கள், ஆனால் கார்டிலேயே 16 ஜிபி மெமரி இருக்கணும். புதுசாக 8 ஜிபி கார்டு வாங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உங்கள் போர்டு பி450 மாதிரி பழசு என்றால் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐயை விட ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி நல்லது, முன்னது 8 பிசிஐஇ லேன்தான் (கார்டுக்கும் போர்டுக்கும் இடையே டேட்டா போகும் பாதை) பயன்படுத்தும், பின்னது 16; பழைய போர்டில் ஒவ்வொரு லேனும் மெதுவானது. பவர் சப்ளை வாட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிராசஸர் பத்தவில்லை, போர்டு ஏஎம்4 (ஏஎம்டி ரைசன் பிராசஸர் உட்காரும் ஒரு சாக்கெட் வகை) என்றால் ரைசன் 5600 போதும், உங்களிடம் இருக்கும் டிடிஆர்4 (முந்தைய தலைமுறை) ரேம் அப்படியே இருக்கும், காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. இன்டெல் 8, 9-ஆம் தலைமுறை என்றால் போர்டும் மாறணும். டிடிஆர்4 போடும் பி660 அல்லது பி760 போர்டு கிடைத்தால் ஐ5 12400எஃப் போட்டுப் பழைய ரேமோடு ஓட்டலாம். கிடைக்கவில்லையா, பொறுங்கள், புதுத் தலைமுறை டிடிஆர்5 ரேமும் சேர்த்து இந்த விலைக்கு வாங்குவது வீண்.

காட்பாடியில் காலை ரயில் ஏறினால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் சாயங்காலம் திரும்பிவிடலாம். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

பின்சேர்க்கை: 5600 மாட்டியதும் திரையே வரவில்லை என்று ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். பழைய பயாஸுக்கு அந்தப் பிராசஸரைத் தெரியாது. பழைய பிராசஸர் மாட்டியிருக்கும்போதே, எஃப்ஏடி32-ல் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் வழியாக பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள், அதுவும் யுபிஎஸ்ஸில். நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடலாம். இன்னொன்று, 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது, போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐயில் செருகினால் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் படம் வராது.